தம்பிக்கும் ஷிப்டு உண்டு

தூக்கத்தை ஆராய்கிற வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்பவர்களிடம் நான் கல்லூரியைச் சொல்வதில்லை. தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தைச் சொல்கிறேன். எழுபதுகளில் அப்பாவுக்கு அங்கே மூட்டை இறக்கும் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். அவர் பகலில் தூங்கும் வாரங்களில் எங்கள் வீட்டுக் கூரையில் காக்கைகூடக் கத்தக் கூடாது.

தம்பிக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். இரண்டு சிப்பிகளைக் காதருகே உரசிக் கேட்டுக்கொண்டே இருப்பான். ஆட்டிசம் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. ஊர் தூங்கும்போது விழிப்பான், ஊர் விழித்தால் தூங்குவான். கதவு திறந்திருந்தால் நேரே கடலுக்கு நடப்பான்.

பேய்தான் என்று தீர்ப்புச் சொன்னவள் அத்தை. மந்திரிக்கிறவர் ஒருவரிடம் விட்டுவர ஞாயிற்றுக்கிழமைக்கு மாட்டுவண்டியும் பேசிவிட்டாள். அங்கே பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவோ தன் அக்கா சொல்லைத் தட்டாதவர்.

நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். அந்தத் திமிரில் பெரியவர்கள் நடுவே போய் நின்றேன்.

“தம்பிக்குப் பேயெல்லாம் இல்ல. அப்பாவுக்கு மாதிரி அவனுக்கும் ஷிப்டு மாறுது.”

“ஏலே, அப்போ அவனுக்கு மேஸ்திரி யாரு, நீயா?” என்றாள் அத்தை.

சிரிப்பு அடங்கியதும் விளக்கினேன். போன வாரம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தூங்க ஆரம்பித்தான். இப்போது விளக்கு வைத்த பிறகு. தினமும் கொஞ்சம் பிந்துகிறது. இப்படியே போனால் சனிக்கிழமை நம்மோடு படுத்து, ஞாயிறு நம்மோடு எழுவான்.

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார்.

“சின்னப்பய சொல்லுதான். ஞாயித்துக்கெழம புள்ள வெள்ளென எந்திரிச்சாம்னா வண்டி வேண்டாம், அக்கா.”

ஞாயிறு காலை மாதா கோயில் மணி அடித்தபோது வண்டி வாசலில் நின்றது. தம்பி எழுந்து உட்கார்ந்து சிப்பியைத் தேடினான். அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். கண்டவரிடமெல்லாம் எம்மவன் சொன்னான், அப்படியே நடந்துட்டு என்றார். வண்டி காலியாகத் திரும்பியது. தான் நேர்ந்துகொண்ட மெழுகுதிரிதான் பலித்தது என்றாள் அத்தை. ஜெயித்தவர்களுக்கு அதில் என்ன நஷ்டம், ஒப்புக்கொண்டோம்.

சில நாட்களில் தம்பியின் தூக்கம் மறுபடி நகர்ந்தது. வண்டிப் பேச்சு மட்டும் எழவேயில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு, ஆட்டிசம் உள்ள சிலருக்கு அது ஊர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது என்று பின்னால் படித்தேன். இன்று என் ஆய்வே அதுதான்.

அந்த ஞாயிறு எனக்கு ஒரே ஒரு குறை. இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் அம்மா வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பில் உலை கொதிக்கிறது, அவள் சுவரோரம் சுருண்டு தூங்குகிறாள். உலுக்கினேன், எழவில்லை. என் வெற்றியைப் பார்க்காமல் இப்படியா தூங்குவாள் என்று கோபம் வந்தது. தம்பி கடலுக்கு நடந்துவிடாமல் அத்தனை இரவும் விழித்திருந்தது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.