வாத்தும் ஐந்து மூடிகளும்

பாலர் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் வைத்த பெயர் 'இருங்க பார்க்கலாம்'. டீ வேணுமா என்றாலும் அதே பதில், மழை வருமா என்றாலும் அதே பதில். பதினோரு வருடம் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்ததில் முட்டி தேய்ந்ததே தவிர, எதையும் அடித்துச் சொல்லும் பழக்கம் வரவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அடித்துச் சொல்லியே தீரவேண்டியிருந்தது. எண்ணிக்கை பிடிபடாத பிள்ளைகளைத் தினமும் அரை மணி நேரம் துணை டீச்சரின் அறைக்கு அனுப்புவார்கள். அதில் ஒரே ஓர் இடம் பாக்கி. டீச்சரின் பட்டியலில் முடிவாகாமல் நின்றவளும் ஒருத்திதான். நடையைப் பார்த்து டீச்சர் அவளை 'வாத்து' என்பாள். மூன்று மாதம் வாயே திறக்காத வாத்து, இப்போதுதான் மணல் தொட்டி ஓரமாக ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். மணல் விளையாட்டும் அதே அரை மணியில்தான். அனுப்பினால் சிநேகம் போச்சு, அனுப்பாவிட்டால் கணக்கு போச்சு.

டீச்சர் ஐந்து பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்து எத்தனை என்று கேட்டாள். வாத்து ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை எண்ணினாள். அப்போ மொத்தம் எத்தனை என்றதும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் தடவை கேட்டபோது டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மந்தமான பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். மொத்தம் கேட்டால் திரும்ப எண்ணுகிற பிள்ளைக்கு எண்ணிக்கை புரியவில்லை என்று கையேடு சொன்னது. டீச்சர் பென்சிலை எடுத்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மூடி டப்பாவிலிருந்து ஐந்து மூடி எடுத்துத் தரச் சொன்னாள். வாத்து டப்பாவையே தள்ளினாள்.

"அஞ்சுதானே கேட்டேன் கண்ணு?"

"பரவால்ல டீச்சர், வெச்சுக்கோங்க."

இது தெரியாமையா, தாராளமா? குழம்பிப்போன டீச்சர் வரிசையைத் தானே எண்ணினாள். ஆறு வந்தது. வாத்து அவள் விரலைப் பிடித்தாள்.

"இதை ரெண்டு வாட்டி எண்ணிட்டீங்க. அஞ்சுதான்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. இன்னொரு மூடியைச் சேர்த்து, இப்போ எத்தனை என்றாள். வாத்து கொஞ்சமும் தயங்காமல் "நாலு" என்றாள்.

மணி அடித்தது. டீச்சர் படிவத்தில் 'உதவி தேவை' என்பதில் குறி போட்டு, பக்கத்திலேயே, பிள்ளையை வெளியே அனுப்பாமல் துணை டீச்சர் வகுப்புக்கு வந்தால் நல்லது என்று எழுதினாள். தலைமையாசிரியை அதை இரண்டு தரம் படித்தார்.

"பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா? ஒண்ணைச் சொல்லுங்க."

"எனக்கே தெரியலைங்க மேடம். அதான், பக்கத்துல உட்கார்ந்து பார்க்க ஒருத்தர் வேணும்ங்கிறேன்."

தலைமையாசிரியை தாளை ஓரமாக வைத்து, போகச் சொன்னார். அது சரியா, மறுப்பா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே யோசனையில் டீச்சர் சமையலில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

திங்கட்கிழமை துணை டீச்சர் ஒரு குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்து, எங்கே போடுவது என்று கேட்டாள். மணல் தொட்டிப் பக்கமாக டீச்சர் கையைக் காட்டினாள். அங்கே வாத்து சிநேகிதிக்கு மணல் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எண்ணாமல்.