தள்ளி நிற்கும் வெள்ளி

என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் தகடு ஒன்று கிடக்கிறது. பனி இறங்கி ஹட்டன் கடைத்தெருவே ஈரத்துணியாகத் தொங்கும் நாளிலும் அதன் விளிம்பு மட்டும் மினுங்கும். அண்ணி விட்டுப்போனது.

அண்ணி நோர்வூட் தேயிலைத் தோட்டத்துப் பெண், ரசாயன ஆசிரியை. நாற்பது தாண்டிய பிறகு கண்டியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். தகட்டில் கலந்த சாயம் வெளிச்சத்தை வாங்கி, உள்ளுக்குள்ளேயே விளிம்புக்குத் தள்ளும். அங்கே ஒட்டிய சிறிய சூரியக்கலம் அதை மின்சாரமாக்கும். "மலை முழுக்கக் கிள்ளுன கொழுந்து ரோட்டோரத்துக்கு நிறுக்க வர்ற மாதிரி, தம்பி" என்றார். வழுக்கை விழுந்த என்னைத் தம்பி என்றழைக்க மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித்துகளைக் கலந்தால் சாயம் இன்னும் பிரகாசிக்கும் என்று நம்பினார். கலந்தார், தகடு மங்கிப்போனது. அடுத்த மதிப்பீட்டுக்குள் ஒளி கூடாவிட்டால் ஆராய்ச்சி அவ்வளவுதான். மறுபடி பள்ளிக்கூடமும் வீடும். வீடு என்றால் கடைக்கு மேலே நாங்கள் எல்லோரும். அவர் படிக்க உட்கார்ந்தால் அம்மா தேநீரோடு போவார், அண்ணன் கணக்குச் சந்தேகத்தோடு போவார், நான் நகைச்சுவையோடு போவேன். மூன்றும் ஆறிப்போய்த் திரும்பும்.

ஒருநாள் அம்மா கேட்டார்: "வெள்ளியப் போட்டும் ஏம்மா இருட்டுது?"

"ரொம்ப ஒட்டி நிக்குதுங்க அத்தை. வேல வாங்குற கங்காணி தள்ளி நின்னாத்தான் கொழுந்து சேரும். கழுத்துக்கிட்டயே நின்னா கை ஓடுங்களா? வெளிச்சத்த வெள்ளியே முழுங்கிருது."

சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

பிறகு துகள்களுக்கு மெல்லிய கண்ணாடிப் பூச்சுப் போட்டார், சாயம் ஒட்டாதபடி. தனக்குக் கண்டியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். தகடு பிரகாசித்தது, ஆராய்ச்சி தொடர்கிறது. அண்ணன் சனிக்கிழமை மட்டும் போய்வருகிறார். முன்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறார், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்குத்தான் அலுப்பு. என் நகைச்சுவையை இப்போது நானே கேட்க வேண்டியிருக்கிறது. அண்ணி எவ்வளவு பொறுமைசாலி என்று தெரிகிறது.

இன்று காலை அம்மா பை கட்டிக்கொண்டு கீழே வந்தார். அண்ணியோடு ஒரு மாதம் தங்கப்போகிறாராம்.

"ரெண்டு நாள் போதும்மா."

"ஏன்டா, நான் என்ன வெள்ளித்துகளா?"

வெளியே பனி, தகட்டின் விளிம்பு மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, பாதிச் சேலைகளை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.