ஏழாவது எழுத்து

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு கிடக்கிறது. அதில் எத்தியோப்பிய எழுத்துகள் ஆறு. ஏழு இருந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மாவரைக்கும் இயந்திரம் செய்யும் ஆலையில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எத்தியோப்பியாவுக்குப் போகவிருந்த நாற்பது இயந்திரங்களில் தானியம் கொட்டும் வாய்க்குப் பக்கத்தில் ஒட்ட ஓர் எச்சரிக்கை வாசகம் மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. எங்கோ தேடி ஓர் எழுத்துருவை இறக்கினேன். ஆறு எழுத்துகள் தெரிந்தன. நடுவில் ஒன்று மட்டும் வெறும் கட்டமாகவே நின்றது. அந்த நாளில் தமிழ்க் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தாலும் இப்படித்தான் வேண்டாத கட்டங்கள் முளைக்கும். அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எங்கள் பழக்கம். இதையும் அழித்தேன். இடைவெளியை ஒட்டவைத்தேன். தகடுகள் அச்சாகி வந்தன.

தரச் சோதனையில் ஓர் அக்கா இருந்தார். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவார், ஒப்பந்தத் தொழிலாளி. அவர் முத்திரை குத்தாமல் ஆலையிலிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகாது. அந்த நாட்டுக்காரர்கள் கையால் எழுதி அனுப்பிய ஃபேக்ஸ் ஒன்று அவர் கோப்பில் இருந்தது. அவருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் ஃபேக்ஸில் ஒரு விரலும் தகட்டில் ஒரு விரலுமாக வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

“பேப்பர்ல ஏழு எழுத்து கீது, தகட்டுல ஆறுதான் கீது. நான் குத்த மாட்டேன் சார்.”

கன்டெய்னர் வாசலில் நின்றது. மேலாளருக்கு அவசரம். ஓர் எழுத்துக்காக லாரியை நிறுத்துவதா என்று கத்தினார். “இதெல்லாம் யாரும்மா நின்னு படிக்கப் போறாங்க?” என்றார்.

“படிக்கத்தான சார் எழுதறோம்?” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு நைனா, கம்ப்யூட்டர்ல எத்தினி இருந்துச்சு?”

நான் தரையைப் பார்த்தேன். மேலாளர் முத்திரையை எடுத்து என் கையில் திணித்தார். நான் குத்தினேன். நாற்பது இயந்திரங்களின் சோதனை அட்டையிலும் குத்தினேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை வாசலிலேயே அவரை மறித்து, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. மாதிரிக்கு என்று என் மேசையில் மிஞ்சியிருந்த தகட்டைப் படம் எடுத்து அந்த நாட்டுப் பொறியாளருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. அவர்கள் எழுதித் தந்தது, கையை உள்ளே விடாதே. நான் அழித்தது ‘தா’ என்று ஒலிக்கும் எழுத்தாம். அது போனால் மிச்சம் இருப்பது, கையை உள்ளே விடு.

அந்தப் பதிலை மேலாளரிடம் காட்டிய பிறகு, துறைமுகத்தில் கன்டெய்னரை நிறுத்தி நாற்பது தகடுகளையும் பெயர்த்தார்கள். விடுபட்ட எழுத்தை ஃபேக்ஸிலிருந்து படமாக வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். தவறைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்ததற்காக மேலாளருக்குக் கூட்டம் போட்டுக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன். கண்டுபிடித்தது யார் என்று சொல்ல ஒரு வாய் அங்கே திறக்கவில்லை, என் வாய் உட்பட. அக்காவை யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இன்று என் கைப்பேசியில் எந்த எழுத்துருவும் இறக்காமலே அந்த எழுத்து வந்து நிற்கிறது: ታ. யூனிகோடு அதற்கென்று ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. இனி எவனும் அதைக் குப்பை என்று அழிக்க மாட்டான். நேற்று அந்த வாசகத்தை முழுதாக அடித்துப் பார்த்தேன். தகட்டைப் பக்கத்தில் வைத்து, அக்கா செய்தது போலவே இரண்டிலும் விரல் வைத்து எண்ணினேன். திரையில் ஏழு, தகட்டில் ஆறு. “எத்தினி இருந்துச்சு?” என்று அன்றைக்கு அவர் கேட்டார். ஏழு, அக்கா.