அழகியநம்பியின் லகோண்டா

ஸ்ரீவராகம் வட்டாரத்தில் பஞ்சாபகேசனைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய கார்களைத் தெரியும். ஒயிட் மெட்டல் என்கிற ஈயக்கலவையில் வார்த்து, துண்டு துண்டாகக் கிட் பெட்டியில் வரும் உள்ளங்கை அளவு கார்களை அரம் போட்டுப் பொருத்தி, பெயிண்ட் அடித்து நிறுத்துவார். யாரோ எப்போதோ கட்டி உடைத்த பழைய வண்டி கிடைத்தால் இன்னும் உற்சாகம். நகரத்தில் இதற்கு வேறு ஆள் இல்லை என்ற நிம்மதியோடுதான் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனார்.

அந்த நிம்மதியை அழகியநம்பி கெடுத்தான். நாஞ்சில் நாட்டுக்காரன், சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. பாத்திரத்தில் பெயர் வெட்டிப் பழகிய கையால் அவனும் கார் கட்ட ஆரம்பித்தான். அவன் கீறிய கதவுக்கோட்டில் பஞ்சாபகேசன் பூதக்கண்ணாடி வைத்துக் கோணல் தேடினார், கிடைக்கவில்லை. போன வருஷம் பொம்மைக் கார் கண்காட்சியில் முதல் மரியாதையான நடுத்தட்டு அவனுக்குப் போயிற்று. அன்று வீட்டில் ரசம் சரியில்லை என்று சண்டை போட்டார்.

இந்த வருஷம் அவன் லகோண்டா என்கிற அந்தக்கால இங்கிலீஷ் காரையே பிடித்துவிட்டான். பஞ்சாபகேசன் கல்யாணத்துக்கு முன்பிருந்து தேடிய கிட். கண்காட்சிக்கு முந்தைய நாள் காலையில் அதைத் துவர்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"சாரே, முன்சக்கரத்து மட்கார்டு ஒடிஞ்சு போச்சு, கேட்டியளா. பசை நிக்கமாட்டேங்கு. சாலிடர் வச்சிரட்டா? கடையில ஈயம் பத்தவைக்கப் பெரிய அயர்ன் கெடக்கு."

அந்தச் சூட்டில் ஒயிட் மெட்டல் வெண்ணெயாக ஓடிவிடும். ரெகுலேட்டர் வைத்துச் சூட்டை இறக்கி, சீக்கிரம் உருகும் தனி ஈயத்தால்தான் தொட வேண்டும். பஞ்சாபகேசனே ஆரம்ப காலத்தில் ஒரு வண்டியை அப்படி மேஜைமேல் உருக்கி ஓடவிட்டவர்.

"வையேன்," என்றார். "அதுக்கென்ன?"

"மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்போ வச்சிருதேன். உங்கள விட்டா எனக்கு வேற யாரு சாரே!"

அவன் போனதும் மனைவி ஜெயலக்ஷ்மி அடுக்களையிலிருந்து வந்தாள். "ஏன்னா, அந்த மேஜையில இன்னும் தழும்பு இருக்கு. அவன்கிட்ட சொல்லலையா?"

"அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பெரிய கைகாரன்."

"அவன்மேல கோபம், சரி. அந்த வண்டி உங்களை என்ன பண்ணித்து?"

பஞ்சாபகேசன் சாப்பிட உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்தபோது அந்த மெலிந்த மட்கார்டின் வளைவுதான் கண்ணில் நின்றது. கையைக் கழுவிவிட்டுப் போன் செய்தார். எடுக்கவில்லை. ரெகுலேட்டரையும் ஈயச் சுருளையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கடையில் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது. அழகியநம்பி லகோண்டாவின் மேல் குனிந்திருந்தான்.

"தொடாதே!"

குடங்களுக்கு நடுவில் விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் பயந்து கையை எடுத்தாள்.

"இவ்வளவு சூடு ஆகாது. உருகிடும்," என்றார் மூச்சு வாங்க. "காலம்பற சொல்ல விட்டுப்போச்சு."

"அது சாரமில்ல, போட்டும் சாரே. வயசாச்சுல்லா, மறக்கத்தான் செய்யும்."

மறதிக்காரன் என்ற பட்டத்தைப் பஞ்சாபகேசன் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். வேறு காரணம் சொல்லவா முடியும்? அவனுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து தானே ஈயம் வைத்தார். கை வேண்டுமென்றே சொதப்பும் என்று உள்ளூர ஒரு நப்பாசை. சொதப்பவில்லை. ஒட்டு இருந்த இடம் விரலுக்கே தெரியவில்லை.

மறுநாள் நடுத்தட்டில் லகோண்டா நின்றது. அவருடைய கார்கள் கீழ்த்தட்டில். ஒட்டு வைத்தது யார் என்பதை அவன் மறைத்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தார். அதை வைத்து ஒரு வருஷம் அவனைத் திட்டலாம். ஆனால் யாரோ மட்கார்டைப் பார்த்து வியந்ததும் அழகியநம்பி உரக்கச் சொன்னான்: "இது நம்ம பஞ்சு சார் வச்சது! நான் தொட்டிருந்தா கஞ்சியாப் போயிருக்கும்."

நாலைந்து பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜெயலக்ஷ்மி, "நல்ல பிள்ளை," என்றாள்.

"அதுதான் சகிக்கலை," என்றார் பஞ்சாபகேசன்.