மாதாவுக்குக் கட்டிய அரைஞாண்

என் ஒன்பதாவது வயதில் நான் மாதாவின் வயிற்றைக் கிழித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. குண்டூசியால் சும்மா குத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். கொலைகாரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூரிலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, கரும்புக்கொல்லை ஓரமாக நடந்தால் எங்கள் ஊர். அக்டோபர், செபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போய்த் தங்கும். சாயங்காலம் ஊர் கூடிச் செபமாலை சொல்லும். மறுநாள் மாதா அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்றரைச் சாண் உயரம். அசல் யானைத் தந்தம். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுச் சாமியார் விட்டுப்போனது என்பார்கள். கையில் குழந்தையோடு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண் மாதிரி நிற்பாள். தந்தம் வளைந்திருந்ததால்தான் மாதாவும் வளைந்தாள் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? கழுத்திலிருந்து கால்வரை எப்போதும் பட்டுச் சேலை சுற்றியிருக்கும். அதை மாற்றுவது கோயில் உபதேசியாரின் மனைவி மட்டும்தான். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். கதவைச் சாத்திக்கொண்டுதான் மாற்றுவாள்.

எங்கள் வீட்டு முறை வந்த அன்று மத்தியானம், அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். நிறைமாத வயிற்றோடு அம்மா உள்ளே படுத்திருந்தாள். முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் ஒருவன், "உங்க மாதா வெறும் பிளாஸ்டிக்டா" என்று சொல்லியிருந்தான். வேதத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. சேலையை அவிழ்த்தேன். பிளாஸ்டிக் என்றால் ஊசி இறங்கும், தந்தம் என்றால் இறங்காது. இது என் விஞ்ஞானம். மாதாவின் கழுத்திலிருந்து நேராகக் கீழே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. ஊசி அதில் இறங்கியது. லேசாக நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மாதா கழுத்துக்குக் கீழே இரண்டாகப் பிளந்துவிட்டாள்.

உள்ளே ரத்தம் இல்லை. அதைவிட மோசம், உள்ளே ஆட்கள் இருந்தார்கள். சாட்டையோடு ஒருவன், ஏணி, ஆணி, தலையில் கை வைத்து அழுகிற பெண்கள். அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. மூடப் பார்த்தேன். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் திறந்துகொண்டது.

"இன்னாடா பண்ற அங்க?" என்றாள் அம்மா, உள்ளிருந்து.

"செபம் பண்றேம்மா."

"நீயா?"

சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பூசினேன். ஒட்டவில்லை. கடைசியில் என் இடுப்பிலிருந்த கறுப்பு அரைஞாணை அறுத்து, மாதாவின் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மேலே சேலையைச் சுற்றினேன். மாதாவின் மானம் நின்றது. என் கால்சட்டை நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சேலையில் கடைசி ஊசியைக் குத்தும்போதுதான் உள்ளே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

சித்தப்பா டெம்போவில் அம்மாவைப் பாண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் உச்சிவேளையில் அப்பா மட்டும் திரும்பி வந்தார். கையில் துண்டால் சுற்றிய ஒரு பொட்டலம்.

"மம்முட்டி எடுத்தாடா" என்றார்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைச் சுவருக்கு வெளியே, உண்ணிப்புதர் ஓரமாகத் தோண்டினார். குழிக்குள் இறக்கும்முன் துண்டை விலக்கி ஒரு தரம் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை. தம்பி என்று மட்டும் சொன்னார். அங்கே ஆசுபத்திரியில் அம்மா மயக்கம் தெளிவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டிலிருந்து மாதாவை உடனே எடுக்கக் கூடாது, தாய் வரட்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். எட்டு நாள் நானும் மாதாவும் ஒரே வீட்டில். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சோறு தின்றேன். ரயிலேறி ஓடிவிட வில்லியனூர் ஸ்டேஷன்வரை நடந்து, பசியெடுத்ததும் திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், வாய்வரை வந்த கொலையை முழுங்கிவிட்டுக் கொய்யாக்காய் திருடியதைச் சொன்னேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். கொலைக்கு மூன்று என்றால் மலிவுதான். ஆனால் அது கொய்யாவுக்கானது.

ஒன்பதாம் நாள் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாரு ஜாடைங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் பெரியம்மா வந்தாள். மாதாவை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சேலையை அவிழ்த்தாள். காய்ந்த சோறும் கறுப்புக் கயிறும் வெளியே வந்தன.

"இது யாரு கவுறுடா?"

கால்சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன். "நான்தான் பெரியம்மா! நான்தான் மாதா வயித்தக் கிழிச்சேன். அதான் பாப்பா செத்துப்போச்சி!"

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அட மடப்பயலே, அது தொறக்கறதுக்குன்னே செஞ்சதுடா. மொதல்ல கால்சட்டைய ஏத்து."

முடிச்சை அவிழ்த்து நகத்தால் ஒரு தட்டு தட்டினாள். அலமாரிக் கதவு மாதிரி இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் திறந்தது. எட்டு நாள் பயம் இப்படி வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போதுதான் நடுவில் இருந்ததைப் பார்த்தேன். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் கிடத்தியிருந்தாள். மகனுக்கு விலா எலும்பு இருந்தது, கால் விரல் இருந்தது, முகம் மட்டும் இல்லை. குளித்துக் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது.

உயிர் பிழைத்த குஷியில் சொன்னேன்: "பெரியம்மா, செதுக்கினவன் மூஞ்சிய மறந்துட்டான் பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"தொடும்மா" என்றாள் பெரியம்மா, அம்மாவிடம். "புள்ளயப் பறிகுடுத்தவ எல்லாம் தொடுவா. நானும் தொட்டவதான். ரெண்டு தபா."

அம்மா அந்த முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள். அழவில்லை. மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

போன மாதம் என் மகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். ஏதோ ஒரு நாட்டு மியூசியம்; பல நூறு வருஷத்துக்கு முந்தைய தந்த வேலை; கண்ணாடிப் பெட்டிக்குள், எங்கள் மாதா மாதிரியே திறந்து நிற்கிற ஒரு மாதா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடியில் கிடந்த மகனுக்கு மூடிய இமை இருந்தது. மூக்கு, தாடி, கன்னத்தில் ஒட்டிய முடிக்கற்றை, பாதி திறந்த வாய், எல்லாம் இருந்தன. செதுக்கியவன் எதையும் மறக்கவில்லை.

நானோ, மூஞ்சியை மறந்த சோம்பேறிச் சிற்பியின் கதையைச் சொல்லி முப்பத்தைந்து வருஷமாக ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சில தடவை, அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே.