பதினொரு எம்பியோடு மாமல்லபுரத்துக்கு

2008 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. செங்கல்பட்டில் குடியேறி ஆறு வருடமாகியும், முப்பது கிலோமீட்டரில் இருக்கும் மாமல்லபுரத்துக்கு நானும் என் கணவர் செல்வமும் சேர்ந்து போனதில்லை. அவருக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்ததே அதிசயம். எடுத்த படங்களை அன்றே இறக்கிவைக்கும் பழக்கத்தால் லேப்டாப்பும் பையில் இருந்தது.

காலை 9.10-க்குப் பேருந்து. டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டதும் கேமராவை எடுத்தேன். அப்போது போன் அடித்தது.

குழந்தையைத் தத்தெடுக்க நாங்கள் விண்ணப்பித்திருந்த வெளியூர் நிலையத்திலிருந்து பேசினார்கள். “நேத்து நீங்க அனுப்பின மெயில் வரலை மேடம். எங்க பெட்டி ரெண்டு எம்பிக்கு மேல வாங்காது. திங்கட்கிழமை கமிட்டி. இன்னிக்கு ஒரு மணிக்குள்ள வந்தா சேர்த்துடுவேன். இல்லேன்னா இன்னும் மூணு மாசம் ஆகும்.”

எங்கள் கோப்பு பதினான்கு பக்கம், பதினொரு எம்பி. இரவல் ஸ்கேனர் வாங்கி வீட்டிலேயே ஸ்கேன் செய்தது. சம்பளச் சான்றிதழ் முதலியவற்றோடு என் மருத்துவ அறிக்கைகளும் அதில் இருந்தன. எனக்கு நான்கு முறை கரு கலைந்திருக்கிறது. என் அம்மாவுக்கே இரண்டுதான் தெரியும்.

“திரும்பிடலாமா?” என்றார் செல்வம்.

“வேணாங்க, அங்க நிறைய பிரவுசிங் சென்டர் இருக்கும்” என்றேன்.

10.15-க்கு இறங்கினோம். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் தெருவில் முதலில் தென்பட்ட சென்டருக்குள் நுழைந்தோம். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு கோப்பைச் சின்னதாக்கி மெயிலில் அனுப்ப வேண்டும் என்றோம்.

“பென் டிரைவ குட்த்துட்டு பீச்சு சுத்திட்டு வாங்க மேடம். நம்ம சிஸ்டத்துல போட்டு அரை அவர்ல சின்னதாக்கி வெச்சிடறேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவருடைய திரையில் யாரோ விட்டுப்போன பாஸ்போர்ட் நகலும், ஒரு பெண்ணின் கல்யாண பயோடேட்டாவும் அப்படியே கிடந்தன.

“இல்லைங்க, என் லேப்டாப்லயே பண்ணிக்கறேன். அனுப்பறதுக்கு நெட் வயர் மட்டும் குடுங்க.”

“இன்னா மேடம், நம்ம மேல நம்பிக்கை இல்லியா?” அவர் முகம் சுண்டிவிட்டது.

செல்வம் அவர் பக்கம் குனிந்து, “ஆஸ்பத்திரி பேப்பருண்ணா. எங்க வூட்லயே யாருக்கும் முழுசா தெரியாது” என்றார்.

கடைக்காரர், “மூலையில வயர் கீது, எட்த்துக்கோங்க. பக்கத்துல யாரையும் உக்கார வெக்க மாட்டேன்” என்றார்.

உட்கார்ந்து ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. “பன்னண்டரைக்குதான் வரும்” என்று தலையைச் சொறிந்தார். எனக்கு அழுகை முட்டியது. செல்வம்தான், “சுருக்கறதுக்கு நெட் எதுக்கு மீனா? பேட்டரி இருக்குல்ல, ஆரம்பி” என்றார்.

அது சரிதானே! கலர் பக்கங்களையெல்லாம் கறுப்பு வெள்ளை போட்டோ மாதிரி மாற்றி, 300 டிபிஐ தெளிவை 100-க்கு இறக்கினேன். ஒன்றரை எம்பிக்கு வந்துவிட்டது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வெறும் கறை. அவை இருந்த மூன்று பக்கங்களை மட்டும் மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுத்து 150-இல் வைத்தேன். 1.8 எம்பி. பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். கடைக்காரர் மூன்று டீ சொன்னார். எதுவும் கேட்கவில்லை.

12.35-க்கு கரண்ட் வந்தது. 12.48-க்கு மெயில் போனது. 12.55-க்கு போன்: “வந்துடுச்சு மேடம். முத்திரை எல்லாம் தெளிவா இருக்கு.” செல்வம் என் கையைப் பிடித்தவர் கடற்கரை வரை விடவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடற்கரைக் கோயிலுக்கு நாங்கள் போனபோது நுழைவுச்சீட்டு பத்து ரூபாய், ஐந்து ரதங்களுக்கும் அதுவே செல்லும். மதிய வெயிலில் மணல் காலைப் பொரிக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். அந்தரங்கமான தாள்களைச் சுருக்க வேண்டுமென்றால் கிளம்பும் முன் வீட்டிலேயே, சொந்தக் கம்ப்யூட்டரில் செய்துவிடுங்கள். இலவச மென்பொருளே போதும். மூலக் கோப்பை அழிக்காமல் நகலில் வேலை செய்யுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு கையெழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்தக் கமிட்டி எங்களை ஏற்றுக்கொண்டது. ஆறு மாதத்தில் மகள் வந்தாள். என் மருத்துவக் கதையை இங்கே எழுதியது நானாக எடுத்த முடிவு; போன வாரம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மகளின் பெயரையும் படத்தையும் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். மன்னியுங்கள், போடப்போவதில்லை. அவள் வளர்ந்து, சொல்லத் தோன்றினால் அவளே சொல்லட்டும்.