தனியா மாட்டாதே

ஜானட்டுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவை கன்டெய்னர்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவளுக்கு வேலை. லாரி உள்ளே நுழைந்ததும் பெட்டியைச் சுற்றிவந்து, நாலு பக்கமும் கதவுச் சீலும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கே நசுங்கல், எங்கே துரு, இடித்தவன் இடிக்கவே இல்லை என்று சாதிக்கிற கீறல் எங்கே, எல்லாம் தெரிய வேண்டும். நாளைக்குத் தகராறு என்று வந்தால், ‘எங்கள் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று கம்பெனி கையை விரிக்க அந்தப் படம்தான் சாட்சி. அழகாக எடு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பழி நம் மேல் விழாதபடி எடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அதே கண்ணால் மனிதர்களையும் எடுக்கத் தொடங்கியதில்தான் வம்பு ஆரம்பித்தது. லீவு நாளில் ராயபுரத்து வீட்டிலிருந்து காசிமேட்டுக்கு நடப்பாள். ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், மீன் ஏலம் விடும் பெண்கள் என்று எதிர்ப்பட்டவர்களை எல்லாம் எடுப்பாள். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள். சுருக்கம், தழும்பு, வெற்றிலைக் கறை எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். தீர்ப்பு நாளில் ஆண்டவருக்கே ஒரு சந்தேகம் வந்தால் இவளிடம் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

வடசென்னை முகங்களை எடுக்கக் கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எடுத்த முகம் பாலம் தாண்டித் தெற்கே போய் ஏசி ஹாலில் தொங்கும். முகத்துக்குச் சொந்தக்காரருக்கு அந்த ஹால் எந்தத் திசை என்பதே தெரியாது. ஜானட்டின் ஆசை இதற்கு நேர் எதிரானது. ராயபுரத்திலேயே மாட்ட வேண்டும், படத்தில் இருப்பவர்களே வந்து பார்க்க வேண்டும். அதிலும் ஏலக்காரி கன்னியம்மா வந்து தன் படத்தைப் பார்க்க வேண்டும். எடுத்ததிலேயே அதுதான் முதல் தரமான படம் என்று ஜானட்டுக்குத் தெரியும். வாய் திறந்து விலை கூவும் அந்தப் படத்தில், உற்றுப் பார்த்தால் விலைகூடக் கேட்கும்.

இடம் சுலபமாகக் கிடைத்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் கோயில் பக்கத்துக் கூடம் சும்மா கிடந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சவரிநாதன் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குச் சாவி கொடுத்தார்.

“கூட்டம் வரணும் ஜானட்டு. காலி ரூமுக்கு ஃபேன் சுத்துதுன்னா ஃபாதர் என்னியதான் கேப்பாரு” என்றார்.

பிரின்டுக்குப் போன இடம் அலெக்ஸாண்டரின் ஃப்ளெக்ஸ் கடை. காது குத்து, மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துத் தருவான். ஒவ்வொரு பேனருக்கும் ரோலின் ஓரத்தில் ஒரு பட்டை மிஞ்சிக் குப்பைக்குப் போகும். அந்த ஓரத்தில் தன் படங்களை அடித்துத் தரச் சொன்னாள் ஜானட். ஒரு காது குத்தோடு இரண்டு பேர், ஒரு பிறந்தநாளோடு மூன்று பேர் என்று காசிமேட்டு முகங்கள் ஊரார் விசேஷங்களின் விளிம்பில் ஒவ்வொன்றாகப் பிறந்தன. செலவு அவள் டீக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அலெக்ஸாண்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“எல்லாருக்கும் மூஞ்சி இவ்ளோ டார்க்கா கீதேக்கா. ஒரு டச் குடுத்து வெளுப்பாக்கிறேன். பின்னாடி ஒரு அருவி வெச்சிக்கலாம்.”

“அருவியும் வேணா, ஒண்ணும் வேணா. நசுங்குனது நசுங்குனாப்லயே வரணும்.”

“கும்புட்ற கையாவது சேக்கட்டா?”

“யாரும் எலக்சன்ல நிக்கல அலெக்ஸு.”

தொழில் தெரிந்த ஒருவனை இதைவிட அவமானப்படுத்த முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான்.

அடுத்தது பிரேம். பழைய வண்ணாரப்பேட்டையில் வெள்ளத்துரையின் கடைப் பரணில் யாரும் வாங்கிப் போகாத பிரேம்கள் மலையாகக் கிடந்தன. துக்கத்தில் ஓடிவந்து ஆர்டர் கொடுப்பவர்கள் காரியம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சில வீடுகளில் சொத்துச் சண்டை கிளம்பி, படத்தை யார் போய் வாங்குவது என்பதில் வந்து நிற்கும்.

“அப்பனையே மறந்துட்டான், பிரேமையா ஞாபகம் வெச்சிப்பான்? எட்த்துகினு போம்மா. தர்றத தா” என்றார் வெள்ளத்துரை. உள்ளே இருந்த பெரியவர்களைக் கழற்றிக் கல்லாவுக்குப் பின்னால் மரியாதையாக அடுக்கிக்கொண்டார். கண்ணாடி வேண்டாம் என்றாள் ஜானட். ஃப்ளெக்ஸ் மழைக்கே நனையாது, மீன் கை பட்டாலும் துடைத்துவிடலாம்.

தங்க நிறக் கரை, கீழே சின்ன லைட் போடுவதற்கு ஒரு ஓட்டை. மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஓட்டையைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமையே சாவியை வாங்கி, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். ஏலம் முடித்துக் கூடையோடு வந்த கன்னியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா ஜானட்டு இது, சாவு வூடு மாரி கீது?”

“படம் நல்லா இல்லியா யக்கா?”

“நல்லாதான் கீது. அதான் பேஜாரா கீது. தங்கக் கலர் பிரேமு, லைட்டுக்கு ஓட்டை, ஒத்த ஆளு. மாலைதான் பாக்கி. எங்க வூட்ல இப்டித் தனியா மாட்டி வெச்சிகீற ஆளு எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான். அவரு போய்ச் சேந்து எவ்ளோ நாளாச்சு.”

“எல்லாரும் உசிரோடதான் கீறாங்கன்னு ஒரு போர்டு எய்தி வெச்சிட்றேன்.”

“உசிரோட கீறவளுக்கு போர்டு எதுக்குமே? நாளைக்கி நான் ஏலத்துக்குப் போனா, செத்தவ எப்டி வந்தான்னு அவனவன் மீனை வுட்டுட்டு ஓடுவான். என்னிய எறக்கு.”

கன்னியம்மா சொன்ன விலைக்கு மேல் காசிமேட்டில் யாரும் கேட்பதில்லை. பொழுது சாய்வதற்குள் சேதி துறைமுகம் முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. ஐஸ் உடைக்கும் கிருஷ்ணப்பன் போன் போட்டு, “என்னியும் எறக்கிடும்மா, வூட்ல பொம்பள அய்துகினு கீது” என்றார். வலை பின்னுகிறவர் ஆளையே அனுப்பிவிட்டார். சவரிநாதன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“மூஞ்சி இல்லாத கண்காட்சிக்கு நான் எதுக்கும்மா ஃபேன் போடணும்?”

ஜானட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் யார்டில் பழகிய பழக்கம், அடி எங்கே பட்டது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. படத்தை இறக்கும்வரை போக மாட்டேன் என்று நின்ற கன்னியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“யக்கா, உங்க வூட்டு செவுத்துல வேற இன்னா படம் கீது?”

“பையன் கல்யாணப் படம்.”

“அது சாவு இல்லியா?”

“அது எப்டி சாவு ஆவும், ரெண்டு பேரு நிக்கிறாங்களே.”

“அப்ப உங்களியும் ரெண்டு பேரா மாட்டுனா?”

கன்னியம்மா கூடையைக் கீழே வைத்தாள். கூடையை வைத்துவிட்டாள் என்றால் பேரத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். “யார் கூட?”

“கிருஷ்ணப்பன் கூட?” என்றார் சவரிநாதன்.

“அய்ய. அவன் பொண்டாட்டி என்னிய நெஜமாவே படமாக்கிடுவா.”

“உன் தங்கச்சி கூட?”

“அக்கா தங்கச்சி ஜோடியா போய்ட்டாங்க, பஸ்ஸு மோதிச்சுன்னு கதை கட்டுவானுங்க.”

சுவரோரமாக நடந்த கன்னியம்மா இசக்கியம்மாளின் படத்துக்கு முன்னால் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஏலக்கூடத்தில் கன்னியம்மாவுக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்தவள் இசக்கியம்மாள். ஒரு வஞ்சிர மீனில் தொடங்கிய பகை. வருஷக்கணக்காக இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. திட்டுவதென்றாலும் வாடிக்கைக்காரர் வழியாகத்தான்.

“இவகூடப் போடு” என்றாள் கன்னியம்மா.

“யக்கா, நெஜமாவா?”

“செத்தாலும் நானும் இவளும் ஒண்ணா போவ மாட்டோம்னு ஊருக்கே தெரியும். இவ பக்கத்துல கீறேன்னா, நான் உசிரோட கீறேன்னு அர்த்தம்.”

இந்த நியாயமும் துறைமுகம் முழுக்கச் சுற்றிவந்தது. நண்பனோடு மாட்டினால் சாவில்கூடப் பிரியாதவர்கள் என்று ஆகிவிடும், எதிரிதான் உயிருக்கு உத்தரவாதம். மாட்டியிருந்த முகங்களிலிருந்தே கிருஷ்ணப்பன் தன் ஐஸ் கட்டிகள் மேல் வண்டியை ஏற்றிய லாரி டிரைவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வலை பின்னுகிறவர் தனக்கு இற்றுப்போன நூல் விற்ற ஆளைத் தேர்ந்தெடுத்தார்.

ஜானட் பிரேம்களைப் படுக்கவாட்டில் திருப்பி, படங்களின் ஓரத்தைப் பிளேடால் நறுக்கி இரண்டிரண்டாகப் பொருத்தினாள். எந்தப் பக்கத்தையும் விடாமல் எடுக்கிறவளுக்கு நறுக்குவது வலித்தது. கன்னியம்மாவின் கூடை போயிற்று, இசக்கியம்மாளின் தராசு போயிற்று. மிஞ்சியவை இரண்டு முகம். ஒன்று இடமிருந்து எடுத்தது, மற்றது வலமிருந்து. சேர்த்து வைத்ததும் ஒருத்தி மேல் ஒருத்தி பாயப் போகிறாள் போல இருந்தது. தனித்தனியாக இருந்தபோது இந்தப் படங்களுக்கு இவ்வளவு உயிர் இல்லை என்பதை ஜானட் ஒத்துக்கொண்டாள். பிரேம்களில் பாதி மிச்சப்பட்டதால் அவற்றை வெள்ளத்துரையிடம் திருப்பிக் கொடுத்தாள். கண்காட்சி இன்னும் மலிவாகிவிட்டது.

சனிக்கிழமை கூட்டம் அள்ளியது. படம் பார்க்க வந்தவர்கள் குறைவு, யாரை யாரோடு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்களே அதிகம். கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவர் இந்த ஜோடிகளுக்கு இடையே ஓர் ஆழ்ந்த மௌனம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. இசக்கியம்மாளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவள் ஒரு சடங்குக்காக ஊருக்குப் போயிருந்தாள், போனும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கியதுமே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வந்தாள். அவள் எடு என்றால் எடுக்கத்தான் வேண்டும். அந்தப் படம் போனால் கண்காட்சியின் உயிரே போய்விடும்.

இசக்கியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் பிரேமைப் பிடித்து இழுத்தாள். ஆணி பெயர்ந்து வந்தது. மறு ஓரத்தை இன்னொரு கை பிடித்துக்கொண்டது.

“கைய எடு. உள்ள நானும் கீறேன்.”

வருஷக்கணக்கில் கன்னியம்மா இசக்கியம்மாளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“ஒம் பாதிய நீ வச்சுக்க. எம் பாதியக் குடுட்டி.”

“பாதியக் கிய்ச்சா நான் தனியாய்டுவேன். என்னிய சாவடிக்கப் பாக்குறியா?”

“நீ செத்தா எனக்கு என்னட்டி வந்துச்சு?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கணக்கு அவளுக்கும் ஓடியது. “அப்பம் நானுந்தான தனியாத் தொங்கணும்?”

“அத்ததான் நானும் சொல்லிகினு கீறேன்.”

இசக்கியம்மாள் பிரேமை விடாமலே தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள். “இவள எதுக்கு எடது பக்கம் எனக்கு முன்னால போட்ட?” என்று ஜானட்டிடம் கேட்டாள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேல கெட்டியிருப்பம்லா?”

“எத்த கட்னாலும் மூஞ்சி அதான” என்றாள் கன்னியம்மா.

“ஒம் மூஞ்சிக்கு இது மேல்.”

சவரிநாதன் ஓடிவந்தார். “தவக்காலம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க.” இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, “நீ சும்மா இரு” என்றார்கள், ஆளுக்கொரு தமிழில். அவர் ஃபேன் சுவிட்ச் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜானட் புது ஆணியோடு ஸ்டூலில் ஏறினாள். கீழிருந்து இருவரும் பிரேமைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“உன் பக்கம் எறங்கிகினு கீது.”

“எம் பக்கம் சரியாத்தான் இருக்கு. நீ தூக்கிப் பிடிச்சிருக்க.”

ஆணியை உதட்டில் கடித்தபடி காத்திருந்தாள் ஜானட். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதாகத் தெரியவில்லை. வரிசை கூடத்தைத் தாண்டித் தெருவரை போயிருந்தது. அவளுக்கும் இறங்க அவசரமில்லை.